ஐலா நேராகக் கேட்பாள்

ஐலா வார்டியைனென் மாடுகளிடம் பேசுவது முற்றம் தாண்டிச் சாலைவரை கேட்கும். நான் கால்நடை மருத்துவனாக எங்கள் நகராட்சியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு பண்ணையில் காரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். தொழுவத்துக்குள் ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். "வெக்கமா இல்ல உனக்கு? மூணு கன்னு போட்டாச்சு, இன்னும் உதைக்கிற." குடும்பச் சண்டை போலிருக்கிறது என்று பத்து நிமிடம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"நீதான் புது டாக்டரா? மாடு உள்ள இருக்கு. காருக்குள்ள இல்ல."

அவள் அந்தப் பண்ணைக்காரி அல்ல, பதிலாள். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் விடுப்பு எடுத்தாலோ காய்ச்சலில் படுத்தாலோ நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து கறப்பார். ஐலா அந்த வேலைக்கு 1982இல் சேர்ந்தாள். கணவர் ஸெப்போ பள்ளிப் பேருந்து ஓட்டினார். சொந்தமாக ஒரு மாடுகூடக் கிடையாது. ஆனால் நாற்பது பண்ணைகளின் தொழுவச் சாவி எங்கே தொங்குகிறது, எந்த வீட்டில் காபித் தூள் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த மாட்டுக்கு இடது பக்கமாக வந்தால் பிடிக்காது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மாடுகளிடம்தான் அப்படி. மனிதர்களிடம் அவளும் எங்களைப் போலத்தான். இந்தச் சாவோ வட்டாரத்து ஆட்கள் நாங்கள் எதையும் நேராகக் கேட்க மாட்டோம். "உடம்பு எப்படி" என்று கேட்க வேண்டுமானால் "பனி இந்த வருஷம் சீக்கிரம் உருகும் போல" என்று ஆரம்பிப்போம். எதிரில் இருப்பவர் "உருகும்னும் சொல்லலாம், உருகாதுன்னும் சொல்லலாம்" என்பார். இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டோம் என்று திருப்தியாக வீட்டுக்குப் போவோம்.

2009 மார்ச்சில் ஆர்வோ இறந்தார். ஐம்பத்தெட்டு வயது, முப்பது கறவை மாடு, ஊரிலேயே சுத்தமான பால் அறை. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். ஒரு மேசையில் நானும் ஐலாவும் பால் லாரி ஓட்டும் பென்ட்டியும் உட்கார்ந்திருந்தோம். இலவங்கப்பட்டை ரொட்டியை யாரும் தொடவில்லை.

பென்ட்டிதான் முதலில் பேசினார். தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இருபத்திரண்டு வருஷமா அவன் முற்றத்துக்கு ஒண்ணு விட்ட ஒரு நாள் போறேன். ஒரு தடவகூட கைகுலுக்கினதில்ல. போன வாரம் வந்து கைய நீட்டினான். 'உன்னால ஒரு தொந்தரவும் இருந்ததில்ல பென்ட்டி'ன்னான். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. லாரியில ஏறினதும் ரேடியோவப் போட்டுட்டேன்."

நான் காபியைக் கீழே வைத்தேன். பிப்ரவரியில் ஆர்வோ என்னைக் கூப்பிட்டுத் தன் நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடச் சொன்னார். ஒன்பது வயது நாய், ஒரு குறையும் இல்லை. "இது இன்னும் அஞ்சு வருஷம் முயல் துரத்துமே" என்றேன். "அப்ப சரி" என்றார், காபி கொடுத்தார். நான் அன்று மாலை அதை மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். மேசையில் இதைச் சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஐலா தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அவன் கேட்டது ரெண்டு நாள் லீவு, நான் பதிலுக்குப் போனேன். ரெண்டே நாள். அதுக்கு ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு மாட்டப் பத்தியும் சொல்லிக் குடுத்தான். பலகையில பேர் பேரா எழுதி வச்சிருந்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'என்ன ஆர்வோ, நிலாவுக்கா போற?' அவன் சிரிச்சான்."

எங்கள் மேசையில் நான்காவதாக ஒருத்தி இருந்தாள். சுகாதார நிலையத்தின் மனநலச் செவிலி மெர்யா. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், வேறு ஊர்க்காரி, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆர்வோவின் மனைவி ஹில்க்கா கேட்டுக்கொண்டதால் வந்திருந்தாள். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆர்வோ எங்ககிட்ட வந்தாரா இல்லையான்னு நான் சொல்லக்கூடாது. எந்த நோயாளியப் பத்தியும் உங்ககிட்ட சொல்ல முடியாது" என்றாள். "ஆனா நீங்க என்கிட்ட சொல்றத எந்தச் சட்டமும் தடுக்கல."

"சொல்லியிருந்தா?" என்றாள் ஐலா.

"சொல்லியிருந்தா அன்னிக்கே கிளம்பிப் போயிருப்பேன். பிழைச்சிருப்பாரான்னு எனக்குத் தெரியாது. போயிருப்பேன்கிறது மட்டும் தெரியும்."

ஐலா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். கோபமா அழுகையா தெரியவில்லை. மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது, அது மட்டும் உண்மை.

அடுத்த திங்கள்கிழமை, தொழுவ பூட்ஸோடு சுகாதார நிலையத்துக்குப் போய் மெர்யாவின் கதவைத் தட்டினாள்.

"நான் வருஷத்துக்கு நாப்பது வீட்டுக்குள்ள போறேன். பென்ட்டி அறுபது முற்றத்துக்குப் போறான். டாக்டரு போகாத தொழுவமே கிடையாது. நீ எத்தன வீட்டுக்குப் போற?"

"அவங்களா வந்தாத்தான் நான் பாக்கிறது."

"அதான் கோளாறு. மாட்ட விட்டுட்டு ஒருத்தனும் வரமாட்டான்."

பண்ணைகளுக்குப் போய்வருகிறவர்களே தத்தளிக்கிறவரைக் கண்டுபிடித்து உதவ வேண்டும் என்று அவர்கள் இருவரும் ஆரம்பித்தது சுலபமாக நடக்கவில்லை. சுகாதார நிலையத் தலைமை மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். நோயாளியின் ரகசியம் பால் லாரியில் ஏறி ஊர் சுற்றும் என்றார். பதிலாள் சேவையின் மேலாளர், "உன் வேலை மாடு, ஐலா. மனுஷங்கள பாக்க வேற ஆளு இருக்கு" என்றார். ஐலா அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "அந்த ஆளு பேரச் சொல்லு, நான் போய் பாத்துக்கிறேன்" என்றாள்.

கடைசியில் மெர்யாதான் வழி கண்டுபிடித்தாள். யாரைப் பற்றியும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவதில்லை. கவலைப்படுகிறவரே போய், அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பது. ஆமாம் என்றால், பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு மெர்யாவுக்குப் போன் போடுவது. மெர்யா வந்து சேரும்வரை தனியாக விடாமலிருப்பது. உயிர் போகும் நிலை என்றால் சம்மதத்துக்குக் காத்திராமல் அவசர எண்ணை அழைப்பது, அதையும் அவரிடமே சொல்லிவிட்டு. தலைமை மருத்துவர் அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டு, "இதுல எனக்குப் பயப்பட ஒண்ணும் கிடைக்கல" என்றார்.

ஐலாவின் பங்கு வேறு. அதை அவளைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. ஒருவன் உதவி வேண்டும் என்று ஒப்புக்கொண்டாலும், காலையும் மாலையும் முப்பது மாடு மடி கனத்துக் கத்தும். பதிலாளைக் கேட்டு விண்ணப்பம் போட்டால் நாலு நாள் ஆகும். நாலு நாளில் அவன் மனம் மாறிவிடும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது நடக்கும். ஆகவே எந்த நாளும் ஒரு பதிலாள் கையிருப்பில் இருக்க வேண்டும், தாள் எதுவும் எழுதாமல் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்றாள். மேலாளர் இரண்டு மாதம் முடியாது என்றார். ஐலா இரண்டு மாதமும் தினம் ஒரு தடவை அவருக்குப் போன் போட்டாள். பிறகு முடிந்தது.

அந்த இலையுதிர் காலத்தில் பள்ளி உணவுக்கூடத்தில் பயிற்சி நடந்தது. இரண்டு கறவைக்கும் நடுவில், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை. பதிலாட்கள், பால் லாரிக்காரர்கள், தீவனம் விற்பவர், தபால்காரி, சினை ஊசி போடுபவர், பாதிரியார், நான். மொத்தம் இருபது பேர். மெர்யா எல்லோரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"இப்ப எதிர்ல இருக்கிறவர் கண்ணப் பாத்துக் கேளுங்க. 'செத்துப்போகலாம்னு நினைக்கிறியா?' சுத்தி வளைக்காம, இதே வார்த்தையில."

எனக்கு எதிரே பென்ட்டி. அவர் மேசைமேல் இருந்த உப்பு ஜாடியைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மெர்யா, ஒண்ணு சொல்லட்டா" என்றார் பென்ட்டி. "இவரை எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். இதுவரைக்கும் 'எப்படி இருக்க'ன்னே நான் கேட்டதில்ல."

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்த பிறகு கொஞ்சம் எளிதானது. தீவனக்காரர் கை தூக்கி, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே அவர் தலைக்குள் போட்டதாகிவிடாதா என்றார். எங்கள் எல்லோர் மனதிலும் இருந்த பயம் அதுதான்.

"ஆகாது" என்றாள் மெர்யா. "கேக்கிறதால யாருக்கும் அந்த எண்ணம் வந்ததில்ல. ஏற்கெனவே இருந்தா, அத இறக்கி வைக்க ஒரு இடம் கெடைக்கும். அவ்வளவுதான்."

மூன்று மணி ஆவதற்குள் பத்தொன்பது பேர் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிட்டோம். ஐலாவுக்குத்தான் வரவே இல்லை. மாடுகளிடம் அத்தனை வாய் பேசுபவள் இரண்டு முறை ஆரம்பித்து, பனியைப் பற்றிப் பேசிவிட்டாள். அதற்கடுத்த வாரம் அவள் வேலை செய்த பண்ணையின் வீட்டுக்காரி எனக்குப் போன் போட்டு, எங்க மாட்டுக்கு என்ன வியாதி, மறைக்காமச் சொல்லுங்க என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஐலா ஒவ்வொரு மாட்டு முன்னாடியும் நின்னு, 'சாகணும்னு நினைக்கிறியா'ன்னு கேட்டுட்டு இருக்காளே" என்றாள்.

மாடுகளிடம் பழகிப் பழகி அவளுக்கு அந்த வாக்கியம் வந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் வேறொன்றும் நடந்தது. அதை ஐலாவே பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள். ஒரு நாள் மெர்யாவின் அறையில் ஏதோ பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மெர்யா பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஐலா, நீ சாகணும்னு நினைக்கிறியா?"

"நானா? பைத்தியமா உனக்கு?"

"கேட்டதுக்குப் பதில்."

"இல்ல" என்றாள் ஐலா. பிறகு, "ஆனா ஆர்வோ செத்ததுலேர்ந்து தூக்கம் இல்ல. காலையில தொழுவத்துல அழறேன். மாடெல்லாம் திரும்பிப் பாக்குது." மெர்யா நாள்காட்டியைத் திறந்து அவள் பெயரை எழுதினாள். ஐந்து மாதம் செவ்வாய்க்கிழமைதோறும் ஐலா போய் உட்கார்ந்தாள். ஸெப்போவிடம் பட்டியல் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். ஸெப்போவுக்குத் தெரியும்.

எஸ்கோவின் விஷயம் 2011 நவம்பரில். நாற்பத்து நான்கு வயது. மனைவி மகளை அழைத்துக்கொண்டு முந்தைய வருடமே நகரத்துக்குப் போய்விட்டாள். இருபத்தாறு மாடுகளோடு ஏரிக்கரையில் தனியாக இருந்தான். பென்ட்டி ஒரு புதன்கிழமை காலை எனக்குப் போன் செய்தார்.

"எஸ்கோ முற்றத்துல பனி வழிக்கல. லாரி திருப்ப இடமில்ல. அவன் இப்படி விட்ட ஆளே கிடையாது. நான் கதவத் தட்டினேன். வந்தான், சரின்னான், உள்ள போயிட்டான். நேராக் கேக்க எனக்கு வாய் வரல, சொல்லிட்டேன். நீ பாத்தியா அவன?"

பார்த்திருந்தேன். நாலு நாள் முன்பு, வயிற்றுப்போக்கில் விழுந்த ஒரு கன்றுக்கு என்னை மிகத் தாமதமாகக் கூப்பிட்டிருந்தான். கன்று இறந்துபோனது. எஸ்கோ மண்டியிட்டு அதன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னால ஆனது இவ்வளவுதான், மன்னிச்சிடு" என்றான். அப்போது அதைத் துக்கம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். பென்ட்டி சொன்னதும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. நான் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டின் பிரசவத்தில் தோள்வரை கைவிட்டு நின்றிருந்தேன். போனை என் காதில் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பண்ணைக்காரர். ஐலாவைக் கூப்பிடச் சொன்னேன்.

அவள் அரை மணி நேரத்தில் எஸ்கோவின் தொழுவத்தில் இருந்தாள். காலைக் கறவை பாதியில் நின்றிருந்தது. எஸ்கோ ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

"உன்ன யாரு வரச் சொன்னது?" என்றான்.

"பென்ட்டியும் டாக்டரும். பயந்துட்டாங்க. நானும்தான்." ஐலா கறவை இயந்திரத்தை எடுத்து அடுத்த மாட்டுக்கு மாட்டினாள். அது ஓடும் சத்தம் வந்ததும் இன்னொரு வாளியை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "எஸ்கோ, நேராக் கேக்கிறேன். செத்துப்போகலாம்னு நினைக்கிறியா?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாடு முழுக்கக் கறந்து முடியும்வரை ஐலா காத்திருந்தாள். பனியைப் பற்றிப் பேசிவிடாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

"ஆமா" என்றான். பிறகு, "மாட்டுக்கு ஒரு வழி பண்ணிட்டுன்னு இருந்தேன்."

"எப்ப?"

"இந்த வாரம்."

"சரி" என்றாள் ஐலா. "என்கிட்ட சொன்னது நல்லது. இப்ப நான் மெர்யாவுக்குப் போன் போடப் போறேன். நீ கேட்டுக்கிட்டே இரு, உனக்குத் தெரியாம ஒரு வார்த்த பேச மாட்டேன். போடட்டுமா?"

"மாட்ட யாரு பாப்பா?"

"நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்னு நினைச்ச? அழகு பாக்கவா?"

அவன் தலையசைத்தான். மெர்யா ஒரு மணி நேரத்தில் வந்தாள். சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மெர்யா அவனிடம் எல்லாவற்றையும் கேட்டாள். எவ்வளவு நாளாக, எதை எண்ணியிருந்தான், எது இதுவரை தடுத்தது. மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள் என்றான். வீட்டில் வேட்டைத் துப்பாக்கிகள் இருந்தன. எங்கள் வேட்டைச் சங்கத்தின் செயலாளரும் பென்ட்டிதான். எஸ்கோ ஒரு தாளில் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்தான். மதியம் பென்ட்டி வந்து அவற்றைத் தன் வீட்டு இரும்பு அலமாரிக்கு எடுத்துப்போனார்.

"நானே எண்ணெய் போட்டு வைக்கிறேன்" என்றார் வாசலில். "நீ இதத் தொட்டே வருஷக்கணக்கா ஆச்சு போல. அசிங்கமா இருக்கு." எஸ்கோவின் உதடு லேசாக அசைந்தது. அன்றைக்கு அவன் சிரித்தது அவ்வளவுதான்.

அன்று மாலையே அவனை நகரத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஐலா அவன் மாடுகளைக் கறந்தாள். ஒவ்வொரு நாள் மாலையும் வார்டுக்குப் போன் போட்டு அவனிடம் மாடுகளைப் பற்றி மட்டும் பேசுவாள். "உன் கறுப்பி இன்னிக்கும் என்ன உதைச்சா. உன் வளர்ப்பு அப்படி."

பதினேழு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஐலா தொழுவத்துக்குள் நுழைந்தபோது அங்கே விளக்கு எரிந்தது. எஸ்கோ தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெர்யாவுக்குத் தகவல் இல்லை, ஐலாவுக்கு இல்லை, அவன் மனைவிக்கும் இல்லை. மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் வெள்ளி மாலையும் இரவும் அந்த வீட்டில் தனியாக இருந்திருக்கிறான்.

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமில்ல?" என்றாள் ஐலா.

"எல்லாரும் ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. இன்னும் எதுக்குன்னு."

அவள் காலைக் கறவையை அவனோடு சேர்ந்து முடித்தாள். மெர்யா தன் விடுமுறை நாளை விட்டுவிட்டு வந்தாள். எஸ்கோ திடமாக இருந்தான், அது எங்கள் அதிர்ஷ்டம். திங்கள்கிழமை ஐலா வார்டு மருத்துவருக்குப் போன் போட்டாள். மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி அவளிடம் பேச முடியாது என்றார்.

"நீ பேச வேண்டாம். நான் பேசறேன், நீ கேளு" என்றாள் ஐலா. "நான் ஒரு மாட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாக்கூட, திரும்பி வர்ற நாளு எனக்குச் சொல்லுவாங்க. எங்க மாட்டு டாக்டரக் கேட்டுப் பாரு."

அந்த மருத்துவர் ஓர் இளம் பெண். போனை வைத்துவிடவில்லை, அது அவர் பெருமை. மூன்று வாரம் கழித்து எங்கள் ஊருக்கே வந்தார். பள்ளி உணவுக்கூடத்தில் உட்கார்ந்து, வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மதியம் எப்படியிருக்கும் என்றெல்லாம் சொன்னார். நாங்கள் மாலைக் கறவை எப்படியிருக்கும் என்று சொன்னோம். இரண்டு பக்கமும் கொஞ்சம் சூடாகத்தான் பேசினோம். முடிவில், நோயாளியை அனுப்புவதற்கு முன் அவரிடமே "ஊர்ல யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்பது, அவர் பெயர் சொன்ன ஆளோடு வார்டிலிருந்தே போனில் பேசுவது, மூன்று நாளுக்குள் மெர்யா அவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போவது என்று எழுதி மருத்துவரும் மெர்யாவும் கையெழுத்திட்டார்கள். எஸ்கோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அந்த வாக்கியத்தில் "கேட்பது" என்பதற்கு முன்னால் "உட்கார்ந்து" என்று சேர்க்கச் சொன்னது அவன்தான். "நின்னுக்கிட்டே கேட்டா எல்லாரும் 'யாரும் வேண்டாம்'னுதான் சொல்லுவாங்க" என்றான்.

எஸ்கோ மெல்லத்தான் தேறினான். வசந்தத்தில் ஒரு முறை மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுக்கையோடு கிடந்தான். ஐலா அவனை இழுத்துக்கொண்டாவது மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்றாள். மெர்யாவோ, வேண்டாம், இன்று ஆபத்து இல்லை, அவனே வரட்டும், தினம் போவோம் என்றாள். இருவருக்கும் ஒரு வாரம் பேச்சில்லை. தினமும் போனார்கள், ஒருத்தி காலையில், ஒருத்தி மாலையில், ஒருவரையொருவர் சந்திக்காமல். எட்டாவது நாள் எஸ்கோ குளித்துவிட்டு மெர்யாவின் காரில் ஏறினான். இரண்டு வருடத்தில் மாடுகளைப் பத்தாகக் குறைத்து, பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்து தீவனப்புல் போட ஆரம்பித்தான். கோடையில் மகள் வந்து தங்கினாள். துப்பாக்கிகளை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. மீன் பிடிப்பதே போதும் என்றான்.

எல்லோரையும் எங்களால் எட்ட முடியவில்லை. 2014இல், ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்த ஒரு மரம்வெட்டி தன் உயிரை முடித்துக்கொண்டார். மாடு இல்லை, நாய் இல்லை, எங்களில் யாரும் அவர் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அந்த அடக்கத்துக்கும் ஐலா போனாள். திரும்பி வந்து, விறகு விற்பவரையும் முடி வெட்டுபவரையும் அடுத்த பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டாள்.

2020இல் ஐலா ஓய்வு பெற்றாள். அடுத்த வருடமே மாவட்ட நிர்வாகம், பதிலாள் சேவையைப் பெரிய வட்டமாக இணைக்கும்போது அந்தக் கையிருப்பு ஆளை எடுத்துவிடலாம் என்று முடிவெடுக்கப் பார்த்தது. கருத்துக் கேட்கும் கூட்டம் நகராட்சி அலுவலகத்தில் நடந்தது. ஐலா பூப்போட்ட சட்டை போட்டு வந்திருந்தாள். அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெர்யா, பென்ட்டி, நான், எஸ்கோ, இன்னும் முப்பது பேர்.

தலைமை வகித்த பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க முயற்சிய நாங்க மதிக்கிறோம். ஆனா இதனால பலன் என்னன்னு எதாவது ஆதாரம் வேணும். இந்த ஏற்பாட்டால எத்தன பேர் பிழைச்சாங்கன்னு சொல்ல முடியுமா?"

மெர்யா எழுந்தாள். இறந்தவர்களை எண்ணலாம், இறக்காதவர்களை அப்படி எண்ண முடியாது, மேலும் யார் பெயரையும் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்றாள். தலைவி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். ஐலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து எஸ்கோ கையைத் தூக்கினான்.

"ஒண்ணுன்னு எழுதிக்குங்க" என்றான்.

தலைவிக்கு உடனே புரியவில்லை. பேனாவோடு அவனைப் பார்த்தார்.

"நான்தான் அந்த ஒண்ணு. 2011 நவம்பர். அன்னிக்கு மாட்டப் பாக்க ஆள் வரலேன்னா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன்."

அவன் கையை இறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னலோரம் இன்னொரு கை எழுந்தது, எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர். பிறகு நடுவரிசையில் ஒரு பெண்ணின் கை. தீவனக் கடையில் கல்லாவில் உட்கார்பவள், எப்போதும் கலகலப்பாக இருப்பவள். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பென்ட்டிக்கும் தெரியாது. மெர்யா குனிந்து தன் கைப்பைக்குள் எதையோ தேடினாள். பிறகு நான்காவது கை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை, திரும்பிப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

தலைவி பேனாவை மூடினார். "இத நான் அப்படியே மேல சொல்றேன்" என்றார். கையிருப்பு ஆள் வேலை நீடித்தது. இப்போது பெரிய வட்டத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மூன்றரை மணி. ஐலா எஸ்கோவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தன பேரு முன்னாடி சொல்லுவேன்னு நான் நினைக்கல" என்றாள்.

"நானும் நினைக்கல" என்றான் எஸ்கோ. "வா, காபி போடறேன். கறவைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

பென்ட்டி, நான், மெர்யா மூவரும் எங்களைக் கூப்பிடவில்லையே என்று சத்தமாகப் பேசிக்கொண்டு அவர்கள் பின்னால் காரில் போனோம். அவன் வீட்டில் மீன் பொதிந்த ரொட்டி இருந்தது. ஐந்து பேருக்கு அது போதவில்லை.